சித்தப்பாவின் விளையில் ஒரு றெக்கை

பணகுடிக்குத் தெற்கே சித்தப்பாவின் விளையில் ஒரு காத்தாடி றெக்கை கிடக்கிறது. பதின்மூன்று மீட்டர் நீளம். அடிப்பக்கம் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன், நுனியில் உள்ளங்கை அகலம். பக்கத்து நிலத்தில் இருபத்தைந்து வருஷம் சுற்றிய பழைய காத்தாடியைக் கழற்றியபோது, கிரேன் வேலைக்கு வந்த கான்ட்ராக்டர் "ரெண்டு நாள்ல எடுத்துருதோம்ணே" என்று சொல்லி இவர் எல்லைக்குள் போட்டுவிட்டுப் போனார். ரெண்டு வருஷமாகிறது. அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

கோபுரத்து இரும்பும் ஜெனரேட்டர் செம்பும் ஒரே வாரத்தில் போய்விட்டன. ஆக்கர் கடைக்காரர் றெக்கையையும் வந்து பார்த்தார். சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார், காந்தத்தை வைத்துப் பார்த்தார், "இது சும்மா குடுத்தாலும் வேண்டாம்ணே" என்று டிவிஎஸ் எக்ஸெல்லை மிதித்துக் கிளம்பிவிட்டார். சித்தப்பா ஒருநாள் மரம் அறுக்கிற வாளை எடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் வாள் மொட்டையானது. ராத்திரி முழுக்க உடம்பு அரிப்பு.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது கேட்டார். "ஏல, நீ இந்த மாதிரிக் கம்பெனியிலதான இருந்த? இத எப்படில அழிக்கது?"

டிப்ளமோ முடித்ததும் றெக்கை செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு மாதம் இருந்தேன். அந்த உரிமையில் சொன்னேன். எரிக்கக் கூடாது, புகை கெட்டது. உருக்க முடியாது. புதைத்தால் அப்படியே கிடக்கும். அறுக்கலாம், வைரத்தூள் பதித்த பிளேடும் முகமூடியும் வேண்டும். அவர் கொஞ்ச நேரம் றெக்கையையே பார்த்தார். "அழிக்க முடியாதத எதுக்குல செஞ்சானுவோ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. அதற்குப் பிறகு படித்துச் சேர்த்ததுதான் இது.

றெக்கை என்பது கண்ணாடியும் பசையும். நம்ப முடியாதுதான். ஜன்னலில் பந்து பட்டால் நொறுங்குகிற கண்ணாடி. வீட்டு மேஜை டிராயரில் ரெண்டு டியூபாகக் கிடக்கும் அரால்டைட்டின் சொந்தக்காரப் பசை. நடுவில் எடை குறைக்கக் கொஞ்சம் பால்சா மரமோ நுரையோ வைப்பார்கள். இதே ஜோடியை மெல்லிய தகடாக அழுத்தினால் எஃப்ஆர்-4 என்கிற அட்டை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கருவிக்குள் சில்லுகளைத் தாங்கும் அட்டையும் அந்தக் குடும்பம்தான். அங்கே அது மின்சாரத்தைத் தடுக்கிறது, இங்கே காற்றைத் தாங்குகிறது.

கண்ணாடி ஏன் நொறுங்குகிறது என்பதை ஒழுங்காகக் கேட்டவர் கிரிஃபித் என்கிற ஆங்கிலேய எஞ்சினியர். ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. 1920-ல் அவர் சொன்னது இது: கண்ணாடி இயல்பில் பலவீனமானதல்ல. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு, இழுக்கும்போது விசை முழுக்க அந்தக் கீறலின் முனையில் போய்க் குவிகிறது, அங்கிருந்து பிளக்கிறது. அவர் கண்ணாடியைச் சூடாக்கி மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக இழுத்து ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தார். மெலிய மெலிய பலம் ஏறியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. இன்று சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடி இழை ஒன்று தலைமுடியின் பருமனில் கால்பங்குகூட இருக்காது. ஆனால் அதே பருமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும்.

இழையாக இழுப்பது பழைய வித்தைதான். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்ட் லிபி என்ற கண்ணாடி முதலாளி, பட்டோடு கண்ணாடி இழையைச் சேர்த்து நெய்த கவுனை ஜார்ஜியா கேவன் என்ற நடிகைக்காகச் செய்துகாட்டினார். வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான். உபயோகப் பொருளானது ஒரு தவறால். 1932-ல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் க்ளைஸ்ட் என்ற இளைஞர் ரெண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உருகிய கண்ணாடி மீது அழுத்தக் காற்று பாய்ந்து அது நூல்நூலாகச் சிதறியது. ஒட்ட வந்த கட்டி ஒட்டவில்லை. அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அந்தப் பஞ்சைப் பார்த்ததும், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று பிடித்துக்கொண்டார். 1938-ல் அதற்காகவே ஓவன்ஸ்-கார்னிங் என்று தனி நிறுவனம் வந்தது. அன்று மின்கம்பிகளுக்கு உறை போடுவதற்காக உருவான கண்ணாடி வகைக்கு 'ஈ' கண்ணாடி என்று பெயர். 'ஈ' என்றால் எலெக்ட்ரிகல். சித்தப்பாவின் விளையில் கிடப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி பசை. பியர் காஸ்டன் ஸ்விட்சர்லாந்துக்காரர், வேதியியலாளர். 1930-களில் பல் மருத்துவப் பொருள் செய்யும் நிறுவனத்தில் இருந்தார். செயற்கைப் பல்லுக்கு, இறுகும்போது சுருங்காத ஒரு பிசின் வேண்டும். அவர் கண்டுபிடித்தது எபாக்ஸி. பல் கடைகளில் அது பெரிதாக ஓடவில்லை. உரிமையை வாங்கிய பாசல் நகரத்து சீபா நிறுவனம், யுத்தம் முடிந்த கையோடு அரால்டைட் என்ற பெயரில் அதை ஒட்டுப்பசையாக விற்றது. அமெரிக்காவில் சில்வன் க்ரீன்லீ என்பவரும் தனியாக இதே பிசினுக்கு வந்துசேர்ந்தார்.

எபாக்ஸி மூலக்கூறின் நுனியில் ரெண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. வலுக்கட்டாயமாக வளைத்து வைத்த மூங்கில் மாதிரி, எப்போது விடுபடுவோம் என்று காத்திருக்கும் வளையம். ரெண்டாவது டியூபில் இருக்கும் ஹார்ட்னர் வந்து தொட்டதும் அது திறந்து பிடித்துக்கொள்கிறது. ஒரு ஹார்ட்னர் மூலக்கூறு பல கைகளால் பிடிக்கும். அந்தக் கைகள் வேறு கைகளைப் பிடிக்கும். கடைசியில் வலை. மொத்த றெக்கையையும் ஒரே ஒரு பிரம்மாண்ட மூலக்கூறு என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. பிளாஸ்டிக் வாளி வெயிலில் இளகும், உருக்கினால் வேறு வாளி ஆகும், ஏனென்றால் அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளவில்லை. இது கட்டிக்கொண்டது. சூடாக்கினால் ஒரு அளவுவரை இறுக்கம் தளரும். அதற்கு மேல் கருகும். உருகவே உருகாது. சித்தப்பாவின் கேள்விக்கு வேதியியல் பதில் இவ்வளவுதான், ஆனால் அவர் கேட்டது வேதியியல் இல்லையே.

இழையும் பிசினும் சேர்ந்தால் என்ன ஆகிறது? தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நார் அறுந்தால் கயிறு அறுவதில்லை. றெக்கையில் ஒரு கண்ணாடி இழை அறுந்தால், அதன் பாரத்தைச் சுற்றியுள்ள பிசின் பக்கத்து இழைகளுக்குக் கைமாற்றிவிடுகிறது. விரிசல் நேராக ஓட முடியாமல் இழையோரமாகத் திரும்பித் தேய்ந்து நிற்கிறது. கிரிஃபித்தின் கீறலுக்கு அணை கட்டியாயிற்று. இழைகளை ஒரே திசையில் அடுக்கிய எபாக்ஸித் தகடு, எடையில் இரும்பில் கால்பங்கு. இழை ஓடும் திசையில் இழுத்தால் சாதாரண இரும்பைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் தாங்கும். துரு கிடையாது. குறையும் உண்டு, அதை விற்பவர்கள் மெல்லச் சொல்வார்கள். விறைப்பு இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் வளையும். இழைக்குக் குறுக்கே இழுத்தால் பலம் பிசினின் பலம் மட்டுமே. ஆகவே எந்தத் திசையில் விசை வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தத் திசையில் துணியை அடுக்க வேண்டும். மரத்துக்கு இது தானாகத் தெரியும். நாம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருளைத்தான் காத்தாடிக்கு எடுக்க வேண்டுமென்று ஆரம்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. 1941-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மலையொன்றில் பால்மர் புட்னம் என்ற எஞ்சினியரின் யோசனையில் 1.25 மெகாவாட் காத்தாடி ஏறியது. உலகத்தில் மெகாவாட் அளவில் முதலாவது. ரெண்டே றெக்கை, துருப்பிடிக்காத எஃகு, ஒவ்வொன்றும் சுமார் 8 டன். 1943-ல் பேரிங் போனது. யுத்தகாலத்தில் மாற்றுச்சாமான் வந்துசேர ரெண்டு வருஷம். திரும்ப ஓட ஆரம்பித்த சில வாரங்களில், 1945 மார்ச் 26 அதிகாலையில் ஒரு றெக்கை அடியோடு முறிந்து ஏறத்தாழ 750 அடி தள்ளிப்போய் விழுந்தது. அந்த இடம் பலவீனமானது என்று முன்பே தெரிந்திருந்தது. சரிசெய்ய வழியில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். பணம் போட்ட கம்பெனி கணக்கை மூடிவிட்டது.

முறித்தது காற்றின் வேகம் என்று நினைப்போம். பெரிய எதிரி திரும்பத் திரும்ப வருகிற சின்ன விசை. றெக்கை மேலே போகும்போது ஒரு பக்கம் தொங்கும், கீழே வரும்போது மறுபக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. சித்தப்பா நிலத்துக்குப் பக்கத்தில் நின்ற காத்தாடிக்கு உத்தேசமாகக் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 40 சுற்று, வருஷத்துக்கு 5,000 மணி நேரம் என்று வைத்தால் 25 வருஷத்தில் 30 கோடி தடவை. கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் வளைத்து உடைப்போமே, அதை 30 கோடி தடவை செய்வது. எஃகும் இதைத் தாங்கும், ஆனால் தாங்குமளவுக்குத் தடிமன் கொடுத்தால் எடை ஏறும். எடை ஏறினால் அந்த எடையே வளைக்கும். றெக்கை நீளம் ரெண்டு மடங்கானால் அள்ளும் காற்று நாலு மடங்கு. எடையோ எட்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். இங்கேதான் இரும்பில் கால்பங்கு எடையுள்ள பொருள் நுழைய வேண்டியிருந்தது.

நுழைத்தவர்கள் கிளைடர் பிரியர்கள். உல்ரிச் ஹூட்டர் ஆஸ்திரியாவில் வளர்ந்து கிளைடர் வடிவமைத்தவர். நாஜி ஆட்சியின்போது வைமாரில் ஒரு காற்றாலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தைத் தாண்டிக்கொண்டு அவரைப் பற்றி எழுதிவிட முடியாது, அதனால் சொல்லிவைக்கிறேன். யுத்தத்துக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியர். அதே ஊரில் மாணவர் சங்கம் ஒன்று 1957 நவம்பரில் ஃபீனிக்ஸ் என்ற கிளைடரைப் பறக்கவிட்டது. கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடர் அது. ஹூட்டர் அதே காலகட்டத்தில் ஷ்டோட்டன் என்ற இடத்தில் 34 மீட்டர் விட்டமுள்ள, 100 கிலோவாட் காத்தாடியைக் கண்ணாடி இழை றெக்கைகளோடு நிறுத்தினார்.

அவர் தீர்த்த சிக்கல் எனக்கு மிகப் பிடித்தது. றெக்கையை எஃகு அச்சோடு எங்கேயாவது சேர்க்கத்தானே வேண்டும். போல்ட் போட ஓட்டை போட்டால் இழைகள் அறுபடும். இழை அறுந்தால் மிச்சம் பசைதான். ஹூட்டர் ஓட்டையே போடவில்லை. எஃகுக் குழாய்த் துண்டுகளை வட்டமாக வைத்து, இழைக்கற்றையை அதைச் சுற்றி வளைத்துத் திரும்ப றெக்கைக்குள்ளேயே அனுப்பினார். மாட்டைக் கட்டும்போது கயிற்றைக் கட்டுத்தறியில் சுற்றித் திரும்பக் கொண்டுவருவோம், அதேதான். தறிக்குள் போல்ட் போகும். இழை அறவில்லை.

அந்த முடிச்சு டென்மார்க்குக்குப் போன கதை இன்னும் விசேஷம். 1970-களின் எண்ணெய் நெருக்கடி, அணு உலை வேண்டாமென்ற போராட்டம். மேற்கு யூட்லாந்தில் ட்வின்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் 1975-ல் 2 மெகாவாட் காத்தாடியைக் கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எஞ்சினியர்கள் அல்ல. 27 மீட்டர் றெக்கை ஒவ்வொன்றையும் தாங்களே கண்ணாடித் துணி அடுக்கி, பிசின் தடவிச் செய்தார்கள். அடிப்பகுதியில் ஹூட்டரின் வழிமுறை. 1978-ல் சுற்ற ஆரம்பித்தது. றெக்கைகளைப் பிறகு மாற்றினார்கள், காத்தாடி இன்றும் நிற்கிறது. (அந்தப் பள்ளி அமைப்பின் மேல் பிற்பாடு வந்த வழக்குகள் தனிக்கதை.) ஒப்புக்கு ஒன்று: ஜெர்மன் அரசுப் பணத்தில் 1983-ல் எழுந்த க்ரோவியான், 3 மெகாவாட், சில நூறு மணி நேரம் ஓடிவிட்டு 1988-ல் கழற்றப்பட்டது.

ட்வின்ட்காரர்கள் பெரியதற்கு முன் பழக்கத்துக்காகச் சின்ன றெக்கை செய்திருந்தார்கள். அதன் அச்சு எரிக் க்ரோவ்-நீல்சன் என்பவர் கைக்கு வந்தது. அவர் சின்னக் காத்தாடி கட்டுகிறவர்களுக்கெல்லாம் றெக்கை செய்து விற்றார். வேகம் கட்டுமீறி றெக்கைகள் உடைந்தபோது, நுனியில் தானாக விரிகிற தடையைச் சேர்த்தார். கொல்லரும் தச்சரும் காத்தாடி கட்டிய நாட்டில், அவர்களால் செய்யமுடியாத ஒரே பாகம் றெக்கை. அது கடையில் கிடைக்க ஆரம்பித்ததும் தொழில் பிறந்துவிட்டது. அங்கே பாலியெஸ்டர் பிசினும் ஓடியது, எபாக்ஸியும் ஓடியது. சண்டை இன்றுவரை தீரவில்லை. பாலியெஸ்டர் விலை மலிவு, ஆனால் இறுகும்போது அதிகம் சுருங்கும். நான் இருந்த இடத்தில் எபாக்ஸி.

அந்த டென்மார்க் காத்தாடிகள்தான் நம் ஊருக்கு வந்தன. 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் முதல் சோதனைக் காற்றாலைகள். பிறகு டென்மார்க் உதவியோடு கயத்தாற்றில். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரென்று மட்டும் அறியப்பட்ட கயத்தாற்றில் இன்று காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய நிலையம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகள் காற்றைப் பிழிந்து அனுப்பும். 90-களில் வருமான வரிச் சலுகை வந்ததும் கோவை, திருப்பூர் நூற்பாலைக்காரர்கள் வந்து முப்பந்தலைச் சுற்றி நிலம் வாங்கினார்கள். ஒரே வருஷத்தில் முழுத் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம் என்றால் யார் விடுவார்கள்? எங்கள் ஊரில் பனை நின்ற இடமெல்லாம் காத்தாடி நின்றது. சித்தப்பா அப்போது கொஞ்சம் நிலம் விற்றார். ரெண்டு அக்காமார் கல்யாணம் அதில்தான் நடந்தது. அதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை.

என் பதினோரு மாதத்தைச் சொல்கிறேன். றெக்கை ரெண்டு பாதியாகப் பிறக்கிறது. நாற்பது மீட்டருக்கு மேல் நீளமான மோல்டு, திறந்த படகு மாதிரி. அதில் வெள்ளைத் துணியை அடுக்குவோம். வரைபடத்தில் சொன்ன திசையில், சொன்ன இடத்தில். ஒரு சுருக்கம் விழுந்தால் பிரித்துத் திரும்பப் போட வேண்டும், சுருங்கிய இழை பாரத்தைத் தாங்காது. மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் பிசின் தானாக உள்ளே ஏறும். வெள்ளைத் துணி நனைந்து கண்ணாடிபோலத் தெளிந்துகொண்டே வருவதைப் பார்க்க அத்தனை அழகு. ஷிஃப்ட் முடிந்தும் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு மோல்டைச் சூடாக்கி இறுகவிட்டு, ரெண்டு பாதியையும் ஒட்டினால் றெக்கை.

எனக்கு வந்தது கலக்கும் இடத்தில். கையுறை கொடுத்தார்கள், மாற்றுக் கையுறை கேட்டால் முகம் சுளித்தார்கள். ஆறாவது மாதம் மணிக்கட்டில் கொப்புளம். பிறகு கண்ணிமை வீங்கியது. டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். இறுகிய எபாக்ஸி தொட்டால் ஒன்றும் செய்யாது. இறுகாத சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள் போய் உடம்பின் புரதத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒருமுறை உடம்பு அதை எதிரியென்று பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. மருந்து கிடையாது, விலகிப்போவதுதான் வழி. சூப்பர்வைசர் கெட்டவரில்லை. "தம்பி, ஆபீஸ் வேலைக்கு மாத்திப் பாக்கேன்" என்றார். மாற்றவில்லை. நானும் வந்துவிட்டேன். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் இன்னொருத்தனுக்கும் வந்தது. அவன் வீட்டு நிலைமை அப்படி, மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் ரெண்டு வருஷம் நின்றான்.

வெளியே இப்போது முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் றெக்கைகளை வெட்டி வரிசையாகக் குழியில் அடுக்கிப் புதைக்கிற படங்கள் வந்தன. ஜெர்மனியில் 2005-லிருந்து இப்படிப் புதைக்கத் தடை. அங்கே நொறுக்கி சிமெண்ட் சூளைக்குள் போடுகிறார்கள். பிசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமெண்டில் மணலின் வேலையைச் செய்யும். அயர்லாந்தில் கார்க் அருகே 2022-ல் பழைய றெக்கைகளை வைத்து நடைபாலம் கட்டினார்கள். லேசான அமிலத்தில் பிரியக்கூடிய பிசினால் செய்த றெக்கை 2021 முதல் வந்திருக்கிறது. புதியதற்கெல்லாம் அது ஆகட்டும். தமிழ்நாடு அரசு பழைய காத்தாடிகளை மாற்றவும் புதுப்பிக்கவும் 2024-ல் கொள்கை வெளியிட்டது. பழையவை இனி வேகமாக இறங்கும்.

இதையெல்லாம் போன ஆடியில் சித்தப்பாவிடம் சொன்னேன். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இருக்கிறது, அறுத்துக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "லாரி வாடக யாரு குடுப்பா? அறுக்கவன் கூலி? அவன் வாங்கிக்கிடுவானா, அதக் கேட்டியா?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. காத்தாடிக்காரர் கேட்டால் கான்ட்ராக்டரைக் காட்டுகிறார். பஞ்சாயத்தில் கேட்டால் தனியார் நிலத்தில் கிடப்பது என்கிறார்கள்.

பேசிக்கொண்டே மருந்தடிக்கிற டேங்கில் விழுந்த விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார். அரால்டைட் ரெண்டு டியூபையும் ஒரு ஓட்டுத்துண்டில் பிதுக்கி ஈர்க்குச்சியால் கலக்கினார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டு, கையில் படாமப் பாத்துக்கோங்க என்றேன். "படட்டும்ல, எனக்கென்ன" என்றார். விரிசலில் தடவிய பிறகு குச்சியில் மிச்சமிருந்தது. அதை றெக்கையின் ஓரத்தில் வழித்துவிட்டு, அதன் நிழலில் படுத்திருந்த ஆடுகளை எழுப்பக் கிளம்பினார்.